கிளியும் அன்னமும்

நன்னூல் என்னும் இலக்கண நூலின் பெயரை நீங்கள் அனைவரும் கேட்டிருப்பீர்கள். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நூல் அது. அதன் பாயிரப் பகுதியில் மாணாக்கர் எத்தனை வகையினர் என்று ஆசிரியர் கூறுகின்றார். அன்னத்தையும் பசுவையும் ஒத்தவர் முதல் வகை. மண்ணையும் கிளியையும் ஒத்தவர் நடுவகை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றை ஒத்தவர் கடை வகை.

இவற்றுள் மூன்றினை மட்டும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். கிளி, தனக்குச் சொல்லிக் கொடுத்ததைத் திரும்பச் சொல்லும். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாது. அன்னம், பாலும் நீரும் கலந்திருந்தால் பாலை மட்டும் பிரித்து உண்ணும் என்பது நம் முன்னோர் வழக்கு. நெய்யரி என்பது நெய்யை வடிகட்டும் பன்னாடை. அது நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ளும்.

நம் காலத்துத் தேர்வுகளிலே கிளிக்கு நல்ல மதிப்பெண் கிடைத்துவிடுகின்றது. ஒரு செய்யுளின் நயத்தை எழுதுக என்று வினாத்தாள் கேட்டால், எதுகை, மோனை, உவமை, அணி என்று நோட்ஸில் உள்ள வரிசையிலேயே எழுதிவிட்டு எழுந்து வரலாம். அச்செய்யுளை ஒருமுறையேனும் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை! ஆனால் பவணந்தியார் கிளிக்குத் தந்த இடம் நடுவிடந்தான். முதலிடம் அன்னத்துக்கு. பிரித்தறியும் அந்தப் பழக்கத்தையே இன்று நாம் திறனாய்வு என்கின்றோம். அதனை உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குக் கற்பிக்க இயலுமா, கற்பிப்பதால் என்ன பயன் என்பதே இப்பேச்சின் பொருள்.

நான் தமிழாசிரியனாகப் பணி செய்வது கோட்டுச்சேரியில். காரைக்கால் நகரத்துக்கு வடக்கே, ஒருபால் நெல்வயலும் மறுபால் கடலும் சூழ்ந்த ஊர் இது. உழவர் வீட்டுப் பிள்ளைகளும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சியில் அமர்ந்து படிக்கின்றார்கள். இவர்கள் எல்லோருக்கும் பாடநூல் இல்லாமலே தெரிந்த கதை ஒன்று உண்டு. அது காரைக்கால் அம்மையார் கதை. ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் நடைபெறும் மாங்கனித் திருவிழாவுக்கு இவர்கள் ஆண்டுதோறும் செல்கின்றார்கள். பிட்சாடனர் வீதி உலா வரும்போது மாடிகளிலிருந்து வீசப்படும் மாங்கனிகளைத் தாவிப் பிடிக்கின்றார்கள். ஆகவே திறனாய்வைக் கற்பிக்க வெளியூர் உதாரணம் எனக்குத் தேவைப்படவில்லை. இவர்களுக்கு நன்கு தெரிந்ததையே எடுத்துக்கொண்டேன். நன்கு தெரிந்ததைத்தான் நாம் படிக்காமலே விட்டுவிடுகின்றோம் அல்லவா?

முதல் நாள் வகுப்பில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "மாங்கனிக் கதையை முதலில் நமக்குச் சொன்னவர் யார்?" ஏறத்தாழ எல்லோரும், "அம்மையாரே பாடியிருக்கிறார், ஐயா" என்றார்கள். "அப்படியானால் அவர் பாடல்களில் அது எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்" என்று கூறி நூலைக் கையில் கொடுத்தேன்.

தேடுவது பெரிய வேலையன்று. அம்மையார் பாடியவை நான்கே நூல்கள். அற்புதத் திருவந்தாதியில் 101 வெண்பாக்கள். திருவிரட்டை மணிமாலையில் 20 பாடல்கள். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டில் பதிகத்துக்குப் பதினொன்றாக 22 பாடல்கள். ஆக மொத்தம் 143. இவையெல்லாம் சைவத் திருமுறைகளுள் பதினொன்றாம் திருமுறையில் உள்ளன. மாணவர்கள் பாடல்களைப் பங்கிட்டுக்கொண்டு ஒரு வாரம் தேடினார்கள். மாங்கனி இல்லை. கணவன் பரமதத்தன் பெயர் இல்லை. புனிதவதி என்ற பெயரும் இல்லை. பாடியவர் தம்மைச் சுட்டும்போது காரைக்கால் பேய் என்றே சுட்டுகின்றார்.

வகுப்பு சற்று நேரம் மௌனமாக இருந்தது. பிறகு ஒரு மாணவி எழுந்து, "அப்படியானால் கதை எங்கிருந்து வந்தது, ஐயா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை மாணவி தானே கேட்டதுதான் திறனாய்வின் தொடக்கம். நான் அதற்கு நேராக விடை சொல்லவில்லை. கரும்பலகையில் காலக்கோடு ஒன்று வரைந்து, அதன்மேல் நான்கு நூல்களை வரிசையாக எழுதினோம்.

முதலில் அம்மையாரின் பாடல்கள். இவை ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது அறிஞர் பலரின் கருத்து. அடுத்து 8ஆம் நூற்றாண்டளவில் சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகை. அதில் அம்மையாருக்குக் கிடைத்த இடம் ஒரே ஒரு சொல். பேயார் என்று மட்டும் குறிப்பிட்டு மேலே சென்றுவிடுகின்றார். மூன்றாவது, நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி. அதில் ஒரு பாடல் உண்டு. இறைவனது மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறியதும், அது கண்டு உமையம்மை நகைத்ததும், இறைவன் அம்மை என்று அழைத்ததும் அங்கே வருகின்றன. மாங்கனி அங்கும் இல்லை. நான்காவது, 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம். வணிகன் மகள் புனிதவதி, கணவன் பரமதத்தன், அடியார்க்கு இட்ட மாங்கனி, இறையருளால் வந்த கனி, அஞ்சிய கணவன் மரக்கலம் ஏறிச் சென்றது ஆகிய அனைத்தும் விரிவாக நமக்குக் கிடைப்பது இங்கேதான்.

ஒரு சொல்லாக இருந்தது ஒரு பாட்டாயிற்று. ஒரு பாட்டு ஒரு புராணமாயிற்று. புராணம் ஊர்த் திருவிழாவாயிற்று. நூல்களைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால் மட்டுமே இது கண்ணுக்குத் தெரியும். இதனை வரலாற்று நோக்கு என்பர்.

இவ்விடத்தில் மற்றொரு சான்றும் காட்டினேன். கம்போடியா நாட்டில் பந்தியாய் சிரே என்னும் சிவன் கோயில் 967ஆம் ஆண்டு எழுப்பப்பட்டது. அங்கே ஆடும் சிவபெருமானின் காலடியில், எலும்பும் தோலுமாய் வற்றிய மார்போடு ஒரு பெண்ணுருவம் அமர்ந்திருக்கின்றது. அது காரைக்கால் அம்மையாரே என்பது ஆய்வாளர் துணிபு. அதாவது சேக்கிழாருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே நம் கடற்கரை ஊர்ப் பெண்மணியின் பேயுருவம் கடல் கடந்து சென்றிருக்கின்றது. "அந்தச் சிற்பத்தின் கையில் மாம்பழம் இருக்கிறதா, ஐயா?" என்று ஒரு பையன் கேட்டான். இல்லை என்றேன். அவன் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். சிற்பத்தையும் ஒரு நூலைப் போலப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான்!

இதற்குள் ஊரில் செய்தி பரவிவிட்டது. ஒரு மாணவனின் தந்தையார் பள்ளிக்கு வந்தார். அம்மையாரிடம் மிகுந்த பக்தி உடையவர். கோபத்தோடு வரவில்லை, மனவருத்தத்தோடு வந்தார். "வாத்தியாரய்யா, அம்மையார் கதை பொய் என்றா பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. திறனாய்வு என்றால் நெய்யரியின் வேலை, அதாவது கசடு தேடும் வேலை என்ற எண்ணம் பலருக்கு உண்டு. நான் அவரிடம் சொன்னது இதுதான்: "ஐயா, ஒரு நிகழ்ச்சி நடந்ததா இல்லையா என்பது ஒரு கேள்வி. அதனை நமக்கு எந்த நூல் சொல்கிறது என்பது வேறு கேள்வி. எங்கள் வகுப்பு இரண்டாவது கேள்வியை மட்டுமே கேட்கிறது. முதல் கேள்விக்கு விடை சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் ஊரார் அம்மையார் பெயரைச் சொல்கிறோம், கதையைச் சொல்கிறோம், விழா எடுக்கிறோம். அவர் வாயால் பாடிய பாட்டை மட்டும் படிப்பதில்லை. பிள்ளைகள் இப்போது அதைப் படிக்கிறார்கள்."

அவர் சிறிது நேரம் யோசித்தார். "அவர் என்ன பாடியிருக்கிறார்?" என்று கேட்டார். அந்த நூலை அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்.

அவர் கேட்ட கேள்விதான் வகுப்பின் அடுத்த படியும் ஆயிற்று. நூலில் இல்லாததைக் கண்டோம், இருப்பது என்ன? இதற்குச் சொல் நோக்கு வேண்டும். ஒரு பாடலை எடுத்துக்கொண்டு சொல் சொல்லாக நின்று படித்தல் வேண்டும். இது புதிய முறையன்று. நம் உரையாசிரியர்கள் செய்ததே இது. காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்து, 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்த பகுதி என்பதை அறிவீர்கள். அந்தப் பிரெஞ்சு மக்களின் பள்ளிகளிலும் நூல் விளக்கம் என்ற பயிற்சி உண்டு. ஒரு சிறு பகுதியை உரக்கப் படித்து, அது நூலில் எங்கே வருகின்றது என்று கூறி, சொல் சொல்லாக விளக்கி, இறுதியில் முடிவு கூறவேண்டும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்னும் பேராசிரியர் 13 கவிதைகளை ஆசிரியர் பெயர் நீக்கி மாணவர் கையில் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். பெயரை எடுத்துவிட்டால் படித்தவர்களும் தடுமாறுவதைக் கண்டார். அந்த அனுபவத்தை 1929இல் நூலாக வெளியிட்டார். பெயரின் புகழை நாம் படிக்கின்றோமா, பாட்டைப் படிக்கின்றோமா என்ற கேள்வியை அந்நூல் எழுப்பிற்று.

நாங்கள் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தின் முதற்பாடலைப் படித்தோம். வற்றிய மார்பு, எழுந்து நிற்கும் நரம்பு, குழிந்த வயிறு, செம்பட்டை மயிர், நீண்ட பற்கள், உயர்ந்த கணுக்கால் எலும்பு கொண்ட ஒரு பெண்பேய் காட்டில் அலறுகின்றது. இந்தப் பேய் யார்? பெரும்பாலோர், அம்மையார் தம்மையே பாடுகின்றார் என்றனர். ஒரு மாணவன் மறுத்தான். "ஒரு பெண்பேய் என்றுதானே பாட்டு சொல்கிறது? நான் என்று சொல்லவில்லையே!" என்றான். உடனே ஒரு மாணவி இரண்டாவது பதிகத்தின் கடைசிப் பாட்டைப் புரட்டினாள். அங்கே பாடியவர் தம் பெயரைச் சொல்லும்போது நெருப்புப் போன்ற வாயும் கோரைப் பல்லும் உடைய காரைக்கால் பேய் என்று தம்மை வருணிக்கின்றார். "முதல் பாட்டுப் பேய்க்கும் நீண்ட பல், கடைசிப் பாட்டுப் பேய்க்கும் பல், இரண்டும் ஒன்றாக ஏன் இருக்கக்கூடாது?" என்று கேட்டாள்.

இருவரில் யார் வென்றார் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இருவரும் நூலிலிருந்தே சான்று காட்டினார்கள். எனக்குத் தோன்றுகிறது என்பதோடு நில்லாமல், இந்தச் சொல்லால் எனக்கு இவ்வாறு தோன்றுகிறது என்று சொன்னார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவரிடம் நான் வேண்டுவது இவ்வளவே. ஒரு கருத்தினை உடன்படுதல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதல் என்று நூலாசிரியர்க்குரிய எழுவகை மதங்களை நன்னூலே வகுத்திருக்கின்றது. மறுத்துப் பேசுவதும் கல்வியின் இலக்கணத்துக்குள் அடங்கியதே.

பின்னர் அடுத்த பாடல்களுக்குச் சென்றோம். ஒரு பேய் கள்ளிக் கிளையின் கவட்டில் காலை நீட்டி அமர்ந்து, கொள்ளிக் கரியை மசித்துக் கண்ணுக்கு மை எழுதுகின்றது, சிரிக்கின்றது, பிணத்தீச் சுட்டுவிடவே சினந்து புழுதியை அள்ளித் தீயை அவிக்கின்றது. வகுப்பே சிரித்துவிட்டது. மற்றொரு பாடலில் ஒரு தாய்ப் பேய் தன் பிள்ளைக்குக் காளி என்று பெயரிட்டு, உடம்புப் புழுதியைத் துடைத்துப் பாலூட்டிவிட்டு எங்கோ போய்விடுகின்றது. தாய் திரும்பி வரக் காணாத குழந்தை அழுது அழுது அப்படியே உறங்கிவிடுகின்றது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கடற்கரைக் குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண், "எங்கள் அம்மா விடிவதற்கு முன்பே மீன் கூடையோடு போய்விடுவார்கள், ஐயா. தம்பி இப்படித்தான் அழுதுகொண்டே தூங்கிப்போவான்" என்றாள்.

பல நூற்றாண்டுகளைக் கடந்து அந்தப் பாட்டு அவளிடம் வந்து சேர்ந்தது. நோட்ஸில் இது இராது. படிப்பவரின் வாழ்க்கை பாட்டின் கதவைத் திறக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை. எனினும் கதவைத் திறந்தபின் உள்ளே சென்று பார்க்கவேண்டும். ஆகவே அவளிடமே கேட்டேன்: "தாய் எங்கே போனாள் என்று பாட்டு சொல்கிறதா, அம்மா?" அவள் மீண்டும் படித்தாள். "இல்லை, ஐயா. போனாள் என்று மட்டும் இருக்கிறது. வேலைக்குப் போனாள் என்பது நான் சேர்த்தது" என்றாள். நூல் சொன்னது எது, தான் சேர்த்தது எது என்று அந்தப் பெண் பிரித்துவிட்டாள். பாலையும் நீரையும் பிரிப்பது என்றால் இதுதான்.

அன்று வகுப்பு தானாகவே ஓர் உண்மையைக் கண்டது. சேக்கிழார் காட்டும் புனிதவதியார் இல்லத்தில் இருக்கின்றார், சமைக்கின்றார், கணவனுக்குப் பரிமாறுகின்றார். அம்மையார் தம் பாடல்களில் அந்த இல்லத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மை எழுதுதலும் பிள்ளைக்குப் பெயரிடுதலும் பாலூட்டுதலும் ஆகிய இல்லறச் செயல்களைச் சுடுகாட்டிலே வைத்துப் பாடுகின்றார். இதன் பொருள் என்ன? இதனை ஆராய்வது பெண்ணிய நோக்கு என்று இக்காலத்துத் திறனாய்வாளர் கூறுவர். பெயர் எதுவாயினும் ஆகுக. ஒரு பெண்ணைப் பற்றி ஆண் ஒருவர் எழுதியதற்கும், அப்பெண்ணே தன் குரலில் பாடியதற்கும் உள்ள வேறுபாட்டைக் காண்பதே அதன் உட்பொருள்.

இதனால் சேக்கிழார் குறைந்துவிட்டாரா? இல்லை. பரமதத்தன் குற்றவாளியா என்ற கேள்வியை வைத்து ஒரு நாள் முழுதும் வாதிட்டோம். மனைவியை விட்டுச் சென்றவன் என்று பெண்கள் அவன்மேல் குற்றம் சாட்டினார்கள். ஆனால் நூலைத் திருப்பியபோது, சேக்கிழார் அவனை ஏசவில்லை என்பதைக் கண்டார்கள். அவன் அம்மையாரைத் தெய்வமென்று அஞ்சினான். பாண்டிநாட்டில் பிறந்த தன் மகளுக்கு அவர் பெயரையே இட்டான். அவரைக் கண்டதும் குடும்பத்தோடு காலில் விழுந்தான். அதன்பின் அம்மையார், இவனுக்காகச் சுமந்த இத்தசை இனி வேண்டா என்று இறைவனை வேண்டுகின்றார். அழகு என்பது யாருக்காகச் சுமக்கப்படுகிறது என்ற கேள்வியைச் சேக்கிழாரே எழுப்பிவிட்டார் என்று ஒரு மாணவி எழுதினாள். சேக்கிழாரைக் கும்பிட்டுவிட்டு மூடி வைப்பவரைக் காட்டிலும் அந்த மாணவி அவரை அதிகமாக மதித்தவள் என்று நான் கருதுகின்றேன்.

இதெல்லாம் தமிழ்ப் பாடத்துக்கு மட்டுந்தானா என்று நீங்கள் கேட்கலாம். இன்று உங்கள் கைபேசியில் ஒரு நாளைக்கு எத்தனை செய்திகள் வருகின்றன! ஒன்றில் ஒரு பெரியவர் பெயரைப் போட்டு அவர் சொல்லாத பொன்மொழி இருக்கும். மற்றொன்றில் பழைய படத்துக்குப் புதிய தேதி இருக்கும். செய்தித்தாளின் ஒரு தலைப்பு ஒரு பக்கத்தாரின் குரலை மட்டும் தாங்கி வரும். விளம்பரம் அறிவுரையைப் போல வேடம் பூண்டு வரும். 143 பாடல்களில் மாங்கனி இருக்கிறதா என்று பொறுமையாகத் தேடிய பிள்ளை, இவற்றைக் கண்டவுடன் நம்பிவிடாது. கண்டவுடன் பழித்துவிடவும் செய்யாது. இதனை முதலில் சொன்னவர் யார் என்று கேட்கும்.

ஆகவே எந்த நூலைப் படித்தாலும் ஐந்து கேள்விகளை உங்கள் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நூல் என்ன சொல்கிறது? எந்தச் சொல்லால் சொல்கிறது? யார், எக்காலத்தில், யாருக்குச் சொல்கிறார்? எதைச் சொல்லாமல் விடுகிறார்? நான் என் மனத்திலிருந்து எதைச் சேர்க்கிறேன்? முதல் நான்கும் நூலைப் பற்றியவை. ஐந்தாவது உங்களைப் பற்றியது. அதுதான் கடினமானது. பிறர் சேர்த்த நீரைக் கண்டுபிடித்தல் எளிது. நாமே ஊற்றிய நீரைக் கண்டுபிடித்தல் அரிது.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். மாணவர் கேள்வி கேட்டால் உடனே விடை சொல்லாதீர்கள். நூலைத் திறந்து கொடுங்கள். நாம் சொல்லும் விடையைத் திருப்பிச் சொல்பவர் கிளியாவார். தாமே தேடிக் காண்பவர் அன்னமாவார். ஒரு பாடலைப் பத்து நாள் படித்தால் பாடத்திட்டம் முடியாதே என்று அஞ்ச வேண்டா. ஒரு பாடலைச் செம்மையாகப் படிக்கக் கற்றவர் மற்றவற்றைத் தாமே படித்துக்கொள்வர்.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் ஒரு பழங்கதை இருக்கும். ஒரு கோயில், ஒரு கல்வெட்டு, ஒரு தாலாட்டு இருக்கும். அதனை முதலில் சொன்னவர் யார் என்று தேடுங்கள். தேடும்போது உங்கள் பக்தியோ பற்றோ குறைந்துவிடும் என்று எண்ணாதீர்கள். பலர் குரலுக்கு நடுவே மறைந்து கிடந்த ஒரு குரல் உங்கள் காதில் விழலாம். அதனைக் கேட்பதற்குத்தான் கல்வி.